முன்னேறும் விளிம்பு, பின்வாங்கும் விளிம்பு
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நெல்லுக்கு வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பவர்கள் கடைசியாக ஒரு காரியம் செய்வார்கள். ஐந்து சதக் கரைசல் என்றால் 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. அதை இடித்து, இரவெல்லாம் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு அளவைச் சரிசெய்த பிறகு காதி சோப்பைக் கரைத்து அதில் ஊற்றுவார்கள். பூச்சிமருந்துக் கடைக்குப் போனால் இதே வேலைக்கு ‘ஒட்டும் திரவம்’ என்று ஒரு புட்டியை எடுத்துக் கொடுப்பார்கள். இந்தச் சோப்புக்கு முக்கியமான வேலை இலையோடுதான். காவிரியின் கடைமடையான சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி வயல்களில் சம்பாப் பருவத்து விடியற்காலையில் நெல்லிலையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பனித்துளி அங்கே படர்ந்து கிடக்காது, மணியாகத் திரண்டு நிற்கும். வரப்பில் நடக்கிறவரின் கால் பட்டால் உருண்டு சேற்றில் விழுந்துவிடும். மருந்துத் துளிக்கும் அதே கதிதான். சோப்பு சேர்த்தால் துளி இலையைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் எவ்வளவு சோப்பு? போதும் என்று எதை வைத்துச் சொல்வது? துளியின் விளிம்பு இலையோடு எந்தக் கோணத்தில் சேர்கிறது என்று பார்த்துச் சொல்லலாம். அந்தக் கோணத்தை ஒரே எண்ணாக எழுதும் பழக்கம் நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது, அதற்கு எப்போதும் குறைந்தது இரண்டு எண்கள் வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் ‘சேர்கோணம்’ என்று படித்தோமே, அதுதான் இது. ஒரு பரப்பின் மேல் துளி உட்கார்ந்திருக்கிறது. திடம், நீர், காற்று மூன்றும் சந்திக்கும் ஓரத்தில் துளியின் வளைவுக்கு ஒரு தொடுகோடு வரைந்து, நீரின் உட்பக்கமாக அளந்தால் வரும் கோணம். மிகச் சுத்தமான கண்ணாடியில் தண்ணீருக்கு அது பூச்சியத்தை ஒட்டியிருக்கும். மெழுகில் 105 டிகிரிக்குச் சற்று மேல், டெஃப்லானில் 110 டிகிரி அளவில், தாமரை இலையில் சுமார் 160 டிகிரி. 90 டிகிரிக்குக் கீழே இருந்தால் நனைகிறது என்றும், மேலே இருந்தால் நனையவில்லை என்றும் சொல்வது வழக்கம். இதற்கு அடிப்படை போட்டவர் லண்டனில் மருத்துவராக இருந்த தாமஸ் யங். ஒளி அலை என்று இரட்டைப் பிளவில் காட்டியவரும் ரோசெட்டாக் கல்லின் எழுத்தோடு மல்லுக்கட்டியவரும் இவரே. 1805இல் வெளியான அவருடைய கட்டுரையில் ஒரு சமன்பாடுகூடக் கிடையாது. எல்லாம் வாக்கியங்கள்தான். இன்று ‘யங் சமன்பாடு’ என்று நாம் எழுதுவது பின்னால் வந்தவர்கள் அந்த வாக்கியங்களைக் குறியீடுகளாக மாற்றியது. துளியின் விளிம்பை மூன்று இழுவிசைகள் மூன்று பக்கம் இழுக்கின்றன, அவை சமனாகும் இடத்தில் விளிம்பு நிற்கிறது, ஆகவே ஒரு திடத்துக்கும் ஒரு திரவத்துக்கும் ஒரே ஒரு கோணம் உண்டு என்பது அதன் சாரம். அழகான முடிவு. சிக்கல் தொடங்குவதும் அந்த ‘ஒரே ஒரு’ என்ற இடத்தில்தான்.

சிக்கலைப் பார்ப்பதற்கு முன் அளக்கக் கற்றுக்கொள்வோம். லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகள் இருக்கின்றன, உண்மை. ஆனால் சர்க்கரை நோயாளிகள் வைத்திருக்கும் இன்சுலின் ஊசிக்குழாயும் ஒரு கைப்பேசியும் இருந்தாலே தொடங்கிவிடலாம். 100 யூனிட் வகைக் குழாயில் ஒரு யூனிட் என்பது 10 மைக்ரோலிட்டர். நம்மூர் மருந்துக்கடைகளில் 40 யூனிட் வகையும் கிடைக்கும். அதில் ஒரு யூனிட் 25 மைக்ரோலிட்டர். மாற்றிப் படித்தால் கணக்கு கெட்டது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை உறிஞ்சிக்கொண்டு, பத்து யூனிட் இறங்கும்வரை எத்தனை துளி விழுகிறது என்று எண்ணினால் ஒரு துளியின் அளவு வந்துவிடும். இலைத்துண்டைக் கண்ணாடித் தகட்டில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, துளியை வைத்து, பின்னால் வெளிச்சம் விழும் வெள்ளைத் தாளை நிறுத்தி, கைப்பேசியைத் துளியின் மட்டத்துக்கே இறக்கிப் படமெடுக்க வேண்டும். கருத்த நிழலுருவாகத் துளி தெரியும். அதன் உயரத்தை இரண்டால் பெருக்கி, அடியகலத்தால் வகுங்கள். கிடைப்பது அரைச் சேர்கோணத்தின் டேன்ஜென்ட். விகிதம் மட்டுமே வேண்டியிருப்பதால் படத்துக்குள் ஸ்கேல் வைக்க வேண்டியதுகூட இல்லை. துளி ஒரு கோளத்தின் துண்டாக இருக்கும்வரை இந்தக் கணக்கு செல்லும். தண்ணீரைப் பொறுத்தவரை துளியின் அளவு 2.7 மில்லிமீட்டரைவிடச் சிறியதாக இருந்தால் பரப்பு இழுவிசை ஆட்சி செய்கிறது. அதைத் தாண்டினால் புவியீர்ப்பு துளியைத் தட்டையாக்கிவிடும். அதனால்தான் நாலைந்து மைக்ரோலிட்டரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஏறக்குறைய 4 மைக்ரோலிட்டர் துளி ஒன்று ஒரு பரப்பில் 0.6 மில்லிமீட்டர் உயரமும் 4 மில்லிமீட்டர் அடியகலமுமாகப் படர்ந்திருக்கிறது. டேன்ஜென்ட் 0.3, சேர்கோணம் சுமார் 33 டிகிரி. அதே அளவுத் துளி இன்னொரு பரப்பில் 1.8 மில்லிமீட்டர் உயரமும் 1.2 மில்லிமீட்டர் அடியுமாகத் திரண்டிருக்கிறது. டேன்ஜென்ட் 3, கோணம் 143 டிகிரி. இப்போது அடியகலத்தைப் படிப்பதில் 0.2 மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும்? படர்ந்த துளியில் கோணம் ஒன்றரை டிகிரிதான் மாறும். திரண்ட துளியிலோ அது 137 என்றும் வரலாம், 149 என்றும் வரலாம். கோணம் பெரிதாகப் பெரிதாக அடியோரம் துளியின் வயிற்றுக்குக் கீழே மறைந்துகொள்வதால் அதைச் சரியாகப் படிப்பதும் கடினம். ஆகவே 150க்கு மேல் போன ஒரு கோணத்தைத் தசமப் புள்ளியோடு யாராவது அறிவித்தால் ஒருமுறைக்கு இருமுறை கேட்பது நல்லது.

எளிய கருவி என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். நீர்ப்பரப்பைப் பற்றிய நவீன ஆய்வுக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான ஆக்னஸ் பொக்கெல்ஸ் ஜெர்மனியின் ப்ரன்ஸ்விக் நகரில் வீட்டு வேலைகளுக்கு நடுவே சொந்தமாகச் செய்துகொண்ட தொட்டியில் அளந்தவர். பல்கலைக்கழகப் படி ஏறாதவர். ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் 1891இல் ‘நேச்சர்’ இதழில் அச்சானது. நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. சி.வி. ராமன் என்றதும் ஒளிச்சிதறல் மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஆனால் வயது இருபதைத் தொடுவதற்கு முன்பே, 1907இல், வளைவைக் கொண்டு திரவத்தின் பரப்பு இழுவிசையை அளக்கும் முறை பற்றி ‘ஃபிலசாஃபிக்கல் மேகசின்’ இதழில் எழுதியிருக்கிறார். துளியின் உருவத்தில் எண்கள் ஒளிந்திருக்கின்றன என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

சரி, சிக்கலுக்கு வருவோம். ஊசிமுனையைத் துளிக்குள் வைத்தபடியே மெதுவாகத் தண்ணீரைச் செலுத்துங்கள். விளிம்பு உடனே நகராது. இருந்த இடத்திலேயே நின்றுகொண்டு துளி மட்டும் உப்பும், கோணம் ஏறும். ஒரு கட்டத்தில் தாங்கமாட்டாமல் விளிம்பு முன்னால் தாவும். அப்போதிருந்த கோணம் முன்னேறு கோணம். இனி தண்ணீரைத் திரும்ப உறிஞ்சுங்கள். இப்போதும் விளிம்பு அசையாது. துளி வற்றி, தொய்ந்து, கோணம் இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் விளிம்பு உள்வாங்கும். அது பின்வாங்கு கோணம். இந்த இரண்டுக்கும் நடுவே எந்தக் கோணத்திலும் துளி அசையாமல் உட்கார்ந்திருக்க முடியும். அப்படியென்றால், துளியை வைத்தோம், படமெடுத்தோம், 98 டிகிரி என்று எழுதினோம் என்பதற்கு என்ன பொருள்? அது பரப்பின் குணம் மட்டும் அல்ல. கை எப்படி வைத்தது, எந்த உயரத்திலிருந்து விழுந்தது, வைத்து எவ்வளவு நேரம் ஆனது எல்லாம் சேர்ந்த எண். தங்கம் என்ன விலை என்று கேட்டால் நகைக்கடையில் வாங்கும் விலை ஒன்று, நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும் விலை ஒன்று சொல்வார்கள். இரண்டையும் கேட்காதவர் விலை தெரியும் என்று சொல்ல முடியாது.

இதைக் காண ஆய்வுக்கூடம் வேண்டாம். மழை நாளில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பேருந்தின் சன்னல் கண்ணாடியில் நின்றுகொண்டிருக்கும் ஒரு துளியைப் பக்கவாட்டில் பாருங்கள். அது அரைக்கோளமாக இருக்காது. கீழ்ப்பக்கம் வயிறு தள்ளி, மேல்பக்கம் மெலிந்து வால் போல இருக்கும். கீழ்விளிம்பு முன்னேறத் துடிக்கிறது, அங்கே கோணம் பெரிது. மேல்விளிம்பு பின்வாங்கத் தயங்குகிறது, அங்கே கோணம் சிறிது. ஒரே துளி, ஒரே கண்ணாடி, ஒரே நொடி, ஆனால் இரண்டு கோணங்கள். வீட்டிலும் சாட்சி உண்டு. மேசையில் சிந்திய காப்பி காய்ந்த பிறகு நடுவில் வெளுத்து, ஓரத்தில் கருத்த வளையம் விட்டுப்போகும். போர்த்தண்ணீர் காய்ந்த எவர்சில்வர் டம்ளரில் வெள்ளை வட்டங்கள் விழும். துளி வற்றும்போது விளிம்பு பின்வாங்காமல் அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்கிறது; ஓரத்தில் ஆவியாகும் நீருக்கு ஈடாக உள்ளிருந்து நீர் ஓடிவரும்போது பொடியையும் உப்பையும் இழுத்துவந்து அங்கே குவிக்கிறது. 1997இல் டீகனும் அவருடைய சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். பின்வாங்கு கோணம் மிகச் சிறியதாக இருக்கிறது என்பதற்குத் துளி தானே எழுதிவைக்கும் வாக்குமூலம் அந்த வளையம்.

இந்த வித்தியாசம் பொடிவிஷயமா? இல்லை என்பதற்கு என் கையிலுள்ள வலுவான சான்று ஃபர்மிட்ஜ் 1962இல் எழுதிய கட்டுரை. சாய்ந்த பரப்பில் துளி எப்போது வழுக்குகிறது, தெளிக்கும் மருந்து எவ்வளவு தங்குகிறது என்பதே அவருடைய கேள்வி. நம்முடைய கேள்வியும் அதுதானே. அவர் கண்டது இது: துளியைப் பிடித்து நிறுத்தும் விசை, பின்வாங்கு கோணத்தின் கொசைனிலிருந்து முன்னேறு கோணத்தின் கொசைனைக் கழித்து, அதைப் பரப்பு இழுவிசையாலும் துளியின் அகலத்தாலும் பெருக்கினால் வருவது. இரண்டு இலைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் முன்னேறு கோணம் 120 டிகிரி. ஒற்றை எண் எழுதுகிறவரின் நோட்டில் இரண்டும் ஒரே இலை. முதல் இலையில் பின்வாங்கு கோணம் 110, இரண்டாவதில் 80. துளி 4 மைக்ரோலிட்டர், அகலம் சுமார் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் எடை 39 மைக்ரோநியூட்டன். முதல் இலையின் பிடி சுமார் 23 மைக்ரோநியூட்டன்தான். இலை 35 டிகிரி சாய்ந்ததும் துளி ஓடிவிடும். இரண்டாவது இலையின் பிடி சுமார் 97. இலை செங்குத்தாக நின்றாலும் துளி அசையாது. தெளிப்பவருக்கு ஒரு இலையில் மருந்து வீண், மறு இலையில் பலன். முன்னேறு கோணத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்கவே படாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. யங் சொன்ன ஒற்றைக் கோணமே உண்மை, இரண்டாகத் தெரிவது அழுக்கின் வேலை, நன்றாகக் கழுவினால் போய்விடும் என்பது பழைய மறுப்பு. இதில் பாதி உண்மை. கழுவினால் இடைவெளி குறையும். ஆனால் யங்கின் கணக்கு முழுக்க வழவழப்பான, எங்கும் ஒரே சீரான, விறைப்பான திடத்தைப் பற்றியது. அப்படி ஒரு பரப்பு உலகத்தில் எங்கே இருக்கிறது? மேடுபள்ளம் ஒருபக்கம், ரசாயனத் திட்டுகள் ஒருபக்கம் விளிம்பைப் பிடித்து நிறுத்துகின்றன. பிச்சாவரத்து வெண்கண்டல் இலையில் உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. வெயில் ஏறினால் இலை மேல் உப்புப் படிகங்கள் மின்னும். அதைக் கழுவிவிட்டு அளந்தால் அது மரத்தில் இருக்கும் இலையே அல்ல. அழுக்கு என்று நாம் ஒதுக்குவது பல இடங்களில் அந்தப் பரப்பின் இயல்பு.

இரண்டாவது மறுப்பு தாமரையைக் காட்டி வருவது. கோணம் மிகப் பெரிதாக இருந்தால் துளி ஒட்டாது என்பதற்கு ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்ற பேச்சே போதுமே, இரண்டாவது எண் எதற்கு என்பார்கள். தாமரை இலையின் மேல் மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள் இருப்பதையும், உருளும் துளி தூசியையும் கூட்டிக்கொண்டு போவதையும் 1997இல் பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் விரிவாகக் காட்டினார்கள். துளி அங்கே காற்றுமெத்தை மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த நிலைக்கு 1944இல் காஸியும் பாக்ஸ்டரும் கணக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பூக்கடையில் ஒரு ரோஜா இதழை வாங்கி அதில் துளியை வையுங்கள். அங்கும் கோணம் 150 டிகிரியை எட்டும். இதழைத் தலைகீழாகக் கவிழ்த்தால் துளி தொங்கிக்கொண்டே இருக்கும். 2008இல் சீன ஆய்வாளர்கள் இதற்கு ‘இதழ் விளைவு’ என்று பெயரே வைத்தார்கள். தாமரையும் ரோஜாவும் ஒற்றை எண்ணில் பக்கத்துப் பக்கத்து வீடு, பின்வாங்கு கோணத்தில் இரண்டு வேறு ஊர். 2007இல் காவோவும் மெக்கார்த்தியும் இன்னும் ஒரு படி போய், துளிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதல்ல, விளிம்பு எதன் மேல் நிற்கிறது என்பதே கோணத்தைத் தீர்மானிக்கிறது என்று சோதித்துக் காட்டி, கரடுமுரடான பரப்புக்குக் கணக்குக் கொடுத்த வென்ஸல், காற்றுமெத்தைக்குக் கணக்குக் கொடுத்த காஸி இருவரையும் கேள்வி கேட்டார்கள். அதற்கு எதிர்வாதங்களும் வந்தன. இந்த வழக்கில் நான் விளிம்பின் கட்சி.

மூன்றாவது மறுப்புக்குத்தான் மரியாதை அதிகம் கொடுக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒரு பூச்சு நேற்றுப் போலவே இன்றும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எண் போதாதா? ஒரே கை, ஒரே ஊசி, ஒரே தண்ணீர், துளி வைத்துப் பத்து வினாடியில் படம் என்று எல்லாவற்றையும் கட்டிப்போட்டால், போதும். ஒப்பிடுவதற்கு அது உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணை வைத்து ஒட்டுமா ஓடுமா என்று முடிவு சொல்லப் புறப்பட்டால் சறுக்கும். கடலோர மின்தொடர்களைப் பராமரிப்பவர்களுக்கு இது தெரியும். உப்புக்காற்று படிந்த இன்சுலேட்டரில் தண்ணீர் தனித்தனி மணியாக நிற்கிறதா, படலமாக இணைந்து மின்சாரம் கசிய வழி கொடுக்கிறதா என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி. இதற்கென்று ஸ்வீடனின் ஸ்ட்ரி நிறுவனம் வகுத்த முறையில் இன்சுலேட்டர் மேல் தண்ணீரைத் தெளித்து, கண்ணால் பார்த்து ஏழு வகுப்புகளில் ஒன்றில் சேர்க்கிறார்கள். முதல் வகுப்புக்கு இலக்கணம், பெரும்பாலான துளிகளின் பின்வாங்கு கோணம் சுமார் 80 டிகிரி அல்லது அதற்கு மேல் இருப்பது. களத்தில் இறங்கிய பொறியாளர்கள் தேர்ந்தெடுத்தது எந்த எண் என்று கவனியுங்கள்.

வயலில் யார் இதையெல்லாம் அளப்பது என்ற கேள்வி மிச்சம். இலைத்துண்டை ஒரு பலகையில் ஒட்டி, துளியை வைத்து, துளி ஓடும்வரை பலகையை மெல்லத் தூக்கி, அந்தச் சாய்வைப் பள்ளிக்கூடக் கோணமானியில் படித்தால் போதும். இரண்டு கொசைன்களின் வித்தியாசத்தை ஃபர்மிட்ஜின் கணக்கு நேராகக் கொடுத்துவிடும்.

கோணத்தால் சொல்ல முடியாதவையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தெளிப்பானிலிருந்து வரும் துளி இலையில் மெல்ல வைக்கப்படுவதில்லை, மோதுகிறது. சில மில்லிவினாடிகளில் தட்டையாகி, சுருங்கி, எகிறிவிடும். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து பாதிக்கும் கீழே கொண்டுவரும் என்றாலும், புதிதாக விரிந்த பரப்புக்குச் சோப்பு மூலக்கூறு வந்துசேர நேரம் வேண்டும். அதற்குள் துளி போய்விடலாம். 2000இல் பெர்ஷெரோனும் சகாக்களும் மிகச் சிறிதளவு பாலிமரைக் கலந்தால் துளி எகிறுவது அடங்குகிறது என்று காட்டினார்கள். உட்கார்ந்திருக்கும் துளியின் கோணத்தை எவ்வளவு நேரம் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. சோப்பை அள்ளிக் கொட்டுவதும் தீர்வல்ல. ஒரு அளவுக்கு மேல் பரப்பு இழுவிசை இறங்காது, துளிகள் ஒன்றுசேர்ந்து படலமாகி நுனிவழியே சொட்டிவிடும். கோணம் சிறிதானால் நல்லது என்ற ஒற்றை எண் புத்தி இங்கேயும் ஏமாறுகிறது.

நெல்லிலைக்கு வரும்போது இரண்டு எண்களும் போதாமல் போகின்றன. அதன் நுண்மேடுகள் இலையின் நீளவாக்கில் வரிசை பிடித்து நிற்பதால், நீளவாக்கில் 3 முதல் 5 டிகிரி சாய்ந்தாலே துளி உருளும். குறுக்குவாக்கில் 9 முதல் 15 டிகிரி வேண்டும் என்று 2002இல் அளந்து சொன்னார்கள். ஆகவே இலையை எந்தத் திசையில் ஒட்டினோம் என்பதையும் எழுத வேண்டும். அடுத்தது தண்ணீர். சிதம்பரம் பக்கத்து வாய்க்கால் தண்ணீரில் காதி சோப்பு நன்றாக நுரைக்கும். கடலோரத்தில் சில இடங்களின் போர்த்தண்ணீர், பருப்பு வேகாத, துணிக்குச் சோப்புப் பிடிக்காத தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரியவைத்துவிடும். வாளியின் மேலே வெள்ளை ஏடாக மிதப்பது இலைக்குப் போக வேண்டிய சோப்புதான். ஒரே அளவு சோப்பை வாய்க்கால் தண்ணீரில் ஒரு டம்ளர், போர்த்தண்ணீரில் ஒரு டம்ளர், டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு டம்ளர் கரைத்து, மூன்றிலிருந்தும் ஒரே நெல்லிலையில் நீளவாக்கில் ஒரு துளி, குறுக்குவாக்கில் ஒரு துளி வைத்துப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். சோப்பு முழுக்கத் திரிந்துபோன டம்ளரின் துளி, சோப்பே போடாத தண்ணீரைப் போல மணியாகத் திரண்டு, பலகை அசைந்ததும் உருண்டு ஓடும்.